மீன் தொட்டிக்கு உறை மோர்

 

போன மாதச் சுவரிதழில் வண்ண மீன்களைப் பற்றி எட்டாம் வகுப்பில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மீன் கடையில 'நல்ல பாக்டீரியா'ன்னு ஒரு பாட்டில் விக்கிறாங்களே, அதை வாங்கி ஊத்தினா மீன் சாகாதா?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த முறை எனக்கு இரண்டு தாள் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்.

முதலில் வீட்டுக் கதைக்கு வருவோம். பால் தயிராக வேண்டுமானால் என்ன செய்வோம்? காய்ச்சி ஆறவைத்து ஒரு கரண்டி உறை மோர் ஊற்றுவோம். வீட்டில் மோர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் போய் "அக்கா, கொஞ்சம் உறைக்கு மோர் குடுங்க" என்று கேட்போம். அந்த ஒரு கரண்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கிறது. இதை நாம் எட்டாம் வகுப்பு அறிவியலிலேயே படித்தாகிவிட்டது. மீன் தொட்டிக்கும் அதே மாதிரி உறை ஊற்றணும். ஆனால் மீன் தொட்டியின் உறை வேறு ஜாதி பாக்டீரியா. அது ஒரு ராத்திரியில் தோயாது.

தெளிந்த தண்ணீரில் ஏன் மீன் சாகிறது?

நம் அறிவியல் அறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அதில் 12 மீன் விட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. எட்டு நாளில் 9 மீன் செத்துப் போச்சு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றை வேப்ப மரத்தடியில் புதைத்து மேலே பூ வைத்தார்கள். சிலர் கண்ணு பட்டுதுன்னு சொன்னாங்க. சிலர் கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்து ஏமாத்திட்டார் என்றார்கள். இரண்டும் இல்லை. இதற்குப் புதுத் தொட்டி நோய் என்று பேர். இது மீனுக்கு வருகிற நோயே கிடையாது, தொட்டிக்கு வருவது.

மீன் சாப்பிட்ட புரதத்தில் மிஞ்சுகிற நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. நம்மைப் போல யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிற வேலை அதற்குப் பெரும்பாலும் இல்லை. செவுள் வழியாகவே அம்மோனியா நேராகத் தண்ணீரில் கலந்துவிடும். அடியில் தங்கும் தீவனமும் அழுகி அம்மோனியா ஆகும். ஏரியில் என்றால் கோடி லிட்டர் தண்ணீர், பாசி, சேறு, கோரை எல்லாம் சேர்ந்து அதைச் சமாளிக்கும். நம்முடைய தொட்டி எவ்வளவு? 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், தண்ணீர் நிற்பது 25 செ.மீ. உயரம். பெருக்கிப் பாருங்கள், 45,000 கன செ.மீ., அதாவது 45 லிட்டர். மூணு குடம் தண்ணிக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான். அதிலேயே சாப்பாடு, அதிலேயே கழிவறை, அதிலேயே மூச்சு.

அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி, இது அவ்வளவு கெடுதல் இல்லை. இன்னொன்று கட்டற்ற அம்மோனியா, இதுதான் எமன். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் எமன். பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல். பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வெயில் ஏற ஏற இது இன்னும் கூடும். கட்டற்ற அம்மோனியா லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் எட்டினாலே செவுள் கெட ஆரம்பிக்கும். "எங்க மாமா வீட்ல அதே மாதிரிதான் வெச்சாங்க, அங்க சாகலையே" என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். மாமா வீட்டுத் தண்ணீரும் நம் தண்ணீரும் ஒன்றில்லை.

சாப்பாடே விஷம்

இந்த அம்மோனியாவையே சோறாகச் சாப்பிடுகிற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அடுத்த கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும்.

அம்மோனியா → நைட்ரைட் → நைட்ரேட்

நைட்ரைட்டும் விஷம்தான். அது மீனின் ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை மாற்றிவிடும், பிறகு அது ஆக்சிஜனைச் சுமக்காது. ரத்தமும் செவுளும் காபி நிறம் ஆகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கடைசியில் வரும் நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. வாரம் ஒரு குடம் தண்ணீர் மாற்றினால் அதைக் குறைத்துவிடலாம். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள், நைட்ரேட் செடிக்கு உரம். நம்ம பள்ளிக்கூடத்து செம்பருத்திக்கு ஊற்றுங்கள்.

நிலத்திலும் இதேதான் நடக்கிறது. நம் வீட்டு மாட்டுக் கொட்டகைச் சுவரில் சில இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மாட்டு மூத்திரத்தின் நைட்ரஜனை மண்ணில் இருக்கும் இதே வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட் ஆக்குவதால் அப்படிப் பூக்கும் உப்பில் நைட்ரேட்டும் இருக்கும். பீகாரில் அந்த மாதிரி மண்ணைக் கரைத்துக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் வெடியுப்பு எடுத்தார்கள். வெள்ளைக்காரன் அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போய் வெடிமருந்து செய்தான்.

1877-ல் ஒரு கண்ணாடிக் குழாய்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. அந்தக் காலத்தில் நைட்ரேட் உண்டாவது வெறும் வேதிவினை என்றுதான் பலர் நினைத்தார்கள். 1877-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு நீளக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் நாட்களில் கீழே அம்மோனியாவாகவே வந்தது. ஏறக்குறைய 20 நாள் கழித்துத்தான் நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே வந்திருக்க வேண்டாமா? ஏன் 20 நாள் காத்திருந்தது?

அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் வருவது நின்றுபோனது. குளோரோஃபார்மை எடுத்த பிறகும் திரும்ப வரவில்லை. கடைசியில் கொஞ்சம் புது மண்ணைத் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி நைட்ரேட் வர ஆரம்பித்தது! அந்த மண் கரைசல்தான் உறை மோர். உயிருள்ள ஏதோ ஒன்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பது அதோடு உறுதியாகிவிட்டது. மீன் கடைப் பாட்டில் செய்வதாகச் சொல்லும் வேலையும் இதுதான்.

அந்த உயிரைப் பிடித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் வினோகிராட்ஸ்கி. உக்ரைன் நாட்டின் கீவ் நகரில் பிறந்தவர். மற்றவர்கள் சத்துள்ள ஜெலட்டினில் அதை வளர்க்கப் பார்த்துத் தோற்றார்கள். அவர் சத்தான சாப்பாட்டையே எடுத்துவிட்டு வெறும் உப்புக் கரைசலில் வளர்த்து, 1890-ல் பிரித்தார். இந்தப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொண்டு, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வைத்துத் தன் உடம்பைத் தானே கட்டிக்கொள்கின்றன. செடி சூரிய ஒளியில் செய்வதை இவை இருட்டில் செய்கின்றன. அதற்கு வேதிச்சேர்க்கை என்று பேர்.

முதல் வேலையைச் செய்வதற்கு நைட்ரோசோமோனாஸ், இரண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர் என்று நூறு வருடத்துக்கு மேல் பாடப் புத்தகங்களில் எழுதினார்கள். 1990-களின் பின்பாதியில் ஹோவனெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் நன்னீர் மீன் தொட்டிகளைச் சோதித்தபோது நைட்ரோபாக்டரைத் தேடித் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. நைட்ரைட்டைத் தின்றது நைட்ரோஸ்பைரா என்ற வேறு பாக்டீரியா என்று 1998-ல் வெளியிட்டார்கள். கதை அதோடும் முடியவில்லை. இரண்டு வேலையையும் தனியாளாகவே செய்கிற நைட்ரோஸ்பைராவும் உண்டு என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று அகப்பட்ட இடம் மீன் வளர்க்கும் தொட்டியின் வடிகட்டி. ஆகவே இது முடிந்துபோன பாடம் இல்லை.

ஏன் இவ்வளவு மெதுவு?

இங்கே கணக்குப் பாடம் கொஞ்சம் வரும், ஓடிவிடாதீர்கள். சாதாரண பாக்டீரியா நல்ல வசதி இருந்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். பத்து முறை இரட்டித்தால் 2-இன் அடுக்கு 10, அதாவது 1024. அதற்கு ஆகும் நேரம் 200 நிமிடம், மூணு மணி நேரம் இருபது நிமிஷம். நைட்ரோ வகைப் பாக்டீரியா ஒருமுறை இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் (ரொம்ப வசதியாக இருந்தால் எட்டு மணி நேரம்). அதே 1024 ஆகப் பத்து நாள். அம்மோனியாவில் கிடைக்கும் ஆற்றல் ரொம்பக் குறைவு, அதை வைத்து உடம்பையே கட்ட வேண்டியிருப்பதால் இந்த மெதுவு. கூலி கம்மி, வேலை ஜாஸ்தி!

அதனால்தான் ஒன்றுமே சேர்க்காத புதுத் தொட்டி பக்குவமாக நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகிறது. நிறைய பாக்டீரியாவோடு ஆரம்பித்தால் நாள் குறையும். உறையின் பயன் இவ்வளவுதான். மந்திரம் இல்லை.

பாட்டிலை எப்படிப் பார்த்து வாங்குவது?

சென்னை கொளத்தூர் பக்கம் போயிருக்கிறீர்களா? தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள் இருக்கும். வீட்டு மாடியிலும் பின்பக்கமும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு எடுக்கிறார்கள். நம்ம பக்கத்துக் கடைகளுக்கு மீன் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அங்கே போய்ப் பார்த்தால் பாட்டில், பொடி, கவர் என்று அலமாரி நிறைய இருக்கும். எல்லாவற்றின் மேலேயும் பாக்டீரியா என்றுதான் எழுதியிருக்கும். எல்லாம் ஒன்று கிடையாது.

முதலில் பேரைப் படியுங்கள். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா என்று இருந்தால் நமக்கு வேண்டியது. பேசில்லஸ் என்று மட்டும் இருந்தால் அது வேறு. பேசில்லஸ், மீன் கழிவையும் அழுகின தீவனத்தையும் சிதைக்கும். அடியில் சேறு சேராது. ஆனால் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் வேலைக்கு அதை நம்பக் கூடாது. மரக்காணம் பக்கம் இறால் பண்ணைகளில் குளத்துக்குப் போடும் பொடிகளிலும் பேசில்லஸ்தான் அதிகம். பேசில்லஸ் ஏன் இவ்வளவு பரவலாக விற்கிறது என்றால், அதற்கு வித்து உண்டு. காய்ந்து போனாலும் வித்தாக மாறி மாதக்கணக்கில் தாங்கும், கவரில் போட்டு எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். நைட்ரோ வகைக்கு வித்து கிடையாது. காய்ந்தால் பெரும்பாலும் செத்துவிடும், வெயிலில் வெந்தாலும் சாகும், ஐஸ் பெட்டியில் உறைந்தாலும் சாகும். ஆகவே திரவமாக, குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. கடை வாசலில் மத்தியான வெயில் படுகிற அலமாரியில் இருந்த பாட்டில் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம்.

நம் அப்பா, மாமாக்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம், ரைசோபியம் பாக்கெட் வாங்குவார்கள் இல்லையா? அதிலும் காலாவதி தேதி போட்டிருக்கும், வெயில் படாத இடத்தில் வைக்கவும் என்று எழுதியிருக்கும். ஆறின கஞ்சியில்தான் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்துவார்கள். சுடுகஞ்சியில் கலந்தால் பாக்டீரியா வெந்து போகும். மீன் கடைப் பாட்டிலுக்கும் அதே கண்ணோடு தேதியைப் பாருங்கள். லேபிள் இல்லாமல் சின்ன கவரில் பிரித்துக் கட்டி விற்பதைத் தொடவே வேண்டாம். "ஊத்தின உடனே எத்தனை மீன் வேணா விடலாம்" என்று எழுதியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். நல்ல பாட்டிலாக இருந்தாலும் இரண்டு மூன்று மீனில் ஆரம்பிப்பதுதான் புத்தி.

வாங்கிவிட்டால் நன்றாகக் குலுக்கி, லேபிளில் போட்ட அளவை ஸ்பாஞ்ச் வடிகட்டியின் மேலேயே படுகிற மாதிரி ஊற்றவும். அன்றைக்கே மீனும் இருக்க வேண்டும். ஒரு வாரம் முன்னாடியே ஊத்தி வெச்சுட்டு மீன் அப்புறம் விடுறேன்னா, அதுவரைக்கும் அதுங்க எதைத் தின்னும்? அம்மோனியா இல்லாவிட்டால் பட்டினிதான்.

ஆராய்ச்சிக்காரர்களும் இதே வழியில் போயிருக்கிறார்கள். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்காக இந்த வகைப் பாக்டீரியாக்களை முன்னமே வளர்த்து, வடிகட்டும் கருவிக்குள்ளேயே ஒட்டவைத்துக் கொடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கவிடவில்லை, ஒட்டவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அது ஏன் என்று இப்போது வரும்.

காசில்லாத உறை

தொட்டிக்காக நம் வகுப்பில் சேர்ந்த பணம் 340 ரூபாய். பாட்டில் வாங்கினால் காற்று மோட்டார் இல்லை, மோட்டார் வாங்கினால் பாட்டில் இல்லை என்ற நிலைமை. நான் மோட்டார் பக்கம்தான் பேசினேன். ஏனென்றால் பாக்டீரியாவை ஓசியில் வாங்கலாம், காற்றை ஓசியில் வாங்க முடியாது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க இந்தப் பாக்டீரியாக்களுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்பதே ஏழரை மில்லிகிராம்தான். குமிழ் வந்துகொண்டே இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

ஓசி உறை எங்கே இருக்கிறது? பல வருடமாக ஓடுகிற மீன் தொட்டியில். பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. அந்த அண்ணாவிடம் கேட்டோம். "தண்ணி எடுத்துட்டுப் போங்கம்மா"ன்னு பக்கெட்டை நீட்டினார். தண்ணி வேணாம்ணா, ஸ்பாஞ்சுல பாதி குடுங்க என்று கேட்டோம். உறை மோருக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். மோரில் பாக்டீரியா எங்கும் கலந்திருக்கும். மீன் தொட்டியில் நைட்ரோ வகை தண்ணீரில் மிதந்துகொண்டு இருக்காது. ஸ்பாஞ்சில், கூழாங்கல்லில், கண்ணாடியில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும். பழைய தண்ணீர் ஒரு பக்கெட் கொண்டு வந்தால் வருவது பெரும்பாலும் நைட்ரேட்தான். ஒரு பிடி அழுக்கு ஸ்பாஞ்ச் பத்து பக்கெட் தண்ணீருக்கு மேல்.

ஸ்பாஞ்ச் வாங்கும்போது, போன மாதத்தில் அந்தத் தொட்டியில் ஏதாவது மீன் செத்ததா, மீன் உடம்பில் ரவை ஒட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வேண்டாம், நோயும் கூடவே வரும். வாங்கின ஸ்பாஞ்சை அதே தொட்டித் தண்ணீரில் நனைத்தபடி, வாய் அகன்ற டப்பாவில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் போகும். நம் தொட்டியில் புது ஸ்பாஞ்சுக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்தோம். நாலு வாரத்தில் புது ஸ்பாஞ்சிலும் குடியேறிவிடும்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "மண்ணிலேயே பாக்டீரியா இருக்குன்னா, ஏரிச் சேறு ஒரு பிடி போட்டா ஆகாதா?" நியாயமான கேள்வி. அந்தக் குழாய்க்கு மண் கரைசல்தானே ஊற்றினார்கள்! ஆனால் குழாய்க்குள் மீன் இல்லை. ஏரிச் சேற்றில் மீன் பேன், அட்டை, தட்டான்பூச்சிக் குஞ்சு எல்லாம் வரும். தட்டான் குஞ்சு சின்ன மீனைப் பிடித்தே தின்றுவிடும். சேறு அழுகுவதற்கே ஆக்சிஜன் எல்லாம் போய்விடும். வயல் மண்ணில் பூச்சி மருந்து இருக்கலாம். அதனால் வேண்டாம். இன்னொருவர் காய்ந்த பாதாம் இலை போடலாமே என்றார். அதைக் கொளத்தூர்க் கடைகளில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், மீனுக்கு நல்லதுதான், ஆனால் அது உறை இல்லை.

உறையைக் கொல்லும் தண்ணீர்

நம் பள்ளிக்கு வருவது மேல்நிலைத் தொட்டித் தண்ணீர். அதில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். நாம் குடிக்க அது அவசியம், பேதி வராமல் காப்பாற்றுவதே அதுதான். ஆனால் குளோரினுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று தெரியாது. மீன் செவுளும் வெந்து போகும். ஆகவே தண்ணீரை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே சேர்க்க வேண்டும். அவசரம் என்றால் ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்பேட் கல் இருக்கிறது, போட்டவுடன் குளோரினை முறித்துவிடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும். பளிச்சென்று வெளுக்கக் கூடாது, அந்த அழுக்கு நிறம்தான் நம் குடித்தனக்காரர்கள்.

சுத்தமா இருக்குமேன்னு கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது, ஏழு கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான காரத்தைச் செலவழிக்கிறது. அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் குழாயில் சுண்ணாம்புக் கல் வைத்தது சும்மா இல்லை! கேன் தண்ணீரில் உப்புகளை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள். காரம் தீர்ந்தவுடன் பி.எச். இறங்கி, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுதே என்று அம்மா திட்டுவார்கள். அந்த வெள்ளைதான் இங்கே உதவுகிறது.

மீனுக்குச் சீக்கு என்று மெத்திலீன் நீலத்தைத் தொட்டியிலேயே ஊற்றுவதும் வேண்டாம். அது நைட்ரோ பாக்டீரியாவையும் கெடுக்கும். சீக்கு மீனைத் தனியாக ஒரு பக்கெட்டில் போட்டு அங்கே வைத்தியம் பாருங்கள். ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். 25 முதல் 30 டிகிரிதான் இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்தது, அதை உத்திரமேரூர் ஓசியிலேயே கொடுக்கிறது.

தொட்டி வாரியம்

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. 30 குடும்புகளிலிருந்து ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஒரு வருடத்துக்கு நியமித்தார்கள். நாங்களும் சீட்டு எழுதி எவர்சில்வர் குடத்தில் போட்டு, வாரத்துக்கு மூன்று பேர் என்று தொட்டி வாரியம் எடுத்தோம். கல்வெட்டுப்படி 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிட்டோம். கணக்குக் காட்டாதவர் பேரைக் குடத்தில் போடக் கூடாது என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டோம். நோட்டில் எழுதாத வாரியத்தார் அடுத்த முறை சீட்டில் கிடையாது.

மோட்டார், ஸ்பாஞ்ச் போக மீதிப் பணத்துக்கு டீச்சரும் கொஞ்சம் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சோதனைச் சொட்டு மருந்து வாங்கினோம். பாட்டிலைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. உறை பிடித்ததா இல்லையா என்று தொட்டுப் பார்க்க இது தயிர் இல்லையே! மூன்று கப்பி மீன் விட்டோம். நோட்டில் இருப்பது இது: 4-ஆம் நாள் அம்மோனியா நிறம் லேசாக ஏறியது. 6-ஆம் நாள் நைட்ரைட் இளஞ்சிவப்பு காட்டியது. 9-ஆம் நாள் அம்மோனியா இல்லை, ஆனால் நைட்ரைட் கூடிவிட்டது. இரண்டாவது கூட்டம் தாமதமாகத்தான் வரும், அதற்குச் சோறே முதல் கூட்டம் வேலை செய்த பிறகுதானே கிடைக்கிறது. அன்று ஒரு குடம் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்பு போட்டோம். உப்பில் இருக்கும் குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் போகவிடாமல் மறிக்கும். கப்பியும் மோலியும் அந்த உப்பைத் தாங்கும். 17-ஆம் நாள் இரண்டும் இல்லை. மூன்று மீனும் இருக்கின்றன. அதன் பிறகுதான் இன்னும் மூன்று விட்டோம். அடுத்த மூன்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கணும், யாரும் வீட்டிலிருந்து மீன் கொண்டு வந்து ரகசியமாக விட வேண்டாம்.

கரண்ட் போனால்: ஒரு மணி நேரம் வரை ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால் வாரியத்தார் ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கால் மணிக்கு ஒருமுறை இருபது சொம்பு. அன்றைக்குத் தீவனம் கிடையாது.

அரையாண்டு விடுமுறைக்கு: மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், சுவிட்சை யாரும் அணைக்காதீர்கள், மேலே தாள் ஒட்டியிருக்கிறோம். வளர்ந்த கப்பி நாலைந்து நாள் சாப்பிடாமல் தாங்கும். வாரியத்தார் இரண்டு பேர் மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை மட்டும் போடுவார்கள். அறைச் சாவி வாட்ச்மேன் தாத்தாவிடம் இருக்கும். தீவன டப்பாவை மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம், பாசத்தில் அள்ளிப் போட்டுடுவார்.